டார்க் ஃபோட்டான் கரும்பொருளை விண்ணில் தேடுவது எப்படி: முதல் கணக்கிலிருந்து வரம்புக் கோடு வரை

இந்தத் தேடலுக்குப் புதிதாக வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தத் தொலைநோக்கியின் தரவை எடுக்கலாம்?" என்றுதான். அது ஏழாவது படியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலிலேயே கேட்டுவிட்டு, தரவை இறக்கிச் சுத்தம் செய்து இரண்டு மாதம் உழைத்த பிறகு, தான் தேடும் நிறைக்கும் அந்தத் தரவுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே முதலில் தேட வேண்டியது கரும்பொருளை (ஒளியில் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருளை) அல்ல, எலக்ட்ரான்களை. அவை எங்கே, எப்போது, எவ்வளவு அடர்த்தியாக இருந்தன என்பது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வரும்.

டார்க் ஃபோட்டான் என்பது ஒளியின் ஃபோட்டானைப் போன்ற, ஆனால் சிறிதளவு நிறை உள்ள, கற்பிதமான ஒரு துகள். அது சாதாரண ஃபோட்டானோடு மிக லேசாகக் கலக்கும். அந்தக் கலப்பின் அளவுக்கு எப்சிலான் என்று பெயர். நிறை, எப்சிலான் என்ற இந்த இரண்டு எண்களுக்குள்தான் முழுத் தேடலும் அடங்கும். கரும்பொருள் முழுவதுமே இந்தத் துகளால் ஆனது என்று வைத்துக்கொண்டால், எந்த நிறைக்கு எவ்வளவு எப்சிலான் வரை வானம் அனுமதிக்கிறது என்று கோடு கிழிப்பதுதான் வேலை. நான் இங்கே சொல்வது 10⁻¹⁴ முதல் 10⁻⁵ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான நிறைகளுக்கு.

## 0. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டப்படிப்பு அளவு மின்காந்தவியலும், பிரபஞ்ச விரிவைப் பற்றிய அடிப்படைக் கணக்கும், பைத்தானும் போதும். களக்கோட்பாடு முழுவதும் தெரிந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஹைரெக் அல்லது கிளாஸ் நிரலை நிறுவி, எலக்ட்ரான் அடர்த்தி செம்பெயர்ச்சியோடு (பிரபஞ்ச விரிவால் ஒளி நீளும் அளவு; எண் பெரிதானால் காலம் முந்தையது, இன்று பூஜ்யம்) எப்படி மாறுகிறது என்ற அட்டவணையை எடுத்து வையுங்கள். பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 அளவீடுகளையே உள்ளீடாகக் கொடுங்கள். மற்றவர்கள் போட்ட வரம்புகளோடு ஒப்பிடும்போது, வேறுபாடு உள்ளீட்டால் வந்ததா, இயற்பியலால் வந்ததா என்ற குழப்பம் அப்போதுதான் வராது.

அப்புறம் ஒரு தாளில் இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: நொடிக்கு ஒன்று என்பது 6.58 × 10⁻¹⁶ எலக்ட்ரான் வோல்ட். ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது 4.14 × 10⁻⁶ எலக்ட்ரான் வோல்ட். ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்பது சுமார் 11,600 கெல்வின். இந்தத் துறையில் நான் கண்ட பிழைகளில் பாதி இந்த மூன்று வரிகளுக்குள் நடந்தவை.

## 1. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

டார்க் ஃபோட்டான் பற்றிய வரம்புகள் ஒரே படத்தில் வண்ண வண்ணமாக நிரம்பிக் கிடக்கும். அவை ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல.

நுண்ணலைப் பின்னணியின் (பிரபஞ்சத்தின் இளமையிலிருந்து மிஞ்சி எங்கும் நிறைந்திருக்கும் கதிர்வீச்சின்) ஃபோட்டான்கள் டார்க் ஃபோட்டானாக மாறிக் காணாமல் போகின்றனவா என்பது ஒரு கேள்வி. இதற்கு டார்க் ஃபோட்டான் கரும்பொருளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் துகள் இயற்கையில் இருந்தாலே போதும். ஏற்கெனவே கரும்பொருளாக நிறைந்திருக்கும் டார்க் ஃபோட்டான்கள் சாதாரண ஃபோட்டானாக மாறுகின்றனவா என்பது வேறு கேள்வி. வேகமாகச் சுழலும் கருந்துளைகளின் சுழற்சியைத் திருடும் துகள் உண்டா என்பது மூன்றாவது. அதற்கு எப்சிலானே தேவையில்லை.

நாம் எடுத்துக்கொள்வது இரண்டாவது கேள்வியை. இதை எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம், முதல் கேள்விக்கான சூத்திரத்தில் ஃபோட்டானின் ஆற்றல் தனியாக வரும். இரண்டாவதில் கரும்பொருள் மிக மெதுவாக நகர்வதால் ஆற்றலும் நிறையும் ஒன்றுதான். சூத்திரத்தை மாற்றி எடுத்துவிட்டால் விடை பல கோடி மடங்கு தவறும், ஆனால் கோடு பார்க்க அழகாகவே இருக்கும்.

## 2. நிறையை எலக்ட்ரான் அடர்த்தியாக மாற்றுங்கள்

பிளாஸ்மாவுக்குள், அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் வாயுவுக்குள், சாதாரண ஃபோட்டானுக்கும் ஒரு நிறை வந்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் அதை இழுத்துப் பிடிப்பதால் வரும் நிறை இது. அந்தப் பிளாஸ்மா நிறையும் டார்க் ஃபோட்டானின் நிறையும் சமமாகும் இடத்தில் ஒன்று இன்னொன்றாக மாறுவது பெருகுகிறது. இதுதான் ஒத்ததிர்வு.

சூத்திரம் சிறியது. ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 3.7 × 10⁻¹¹ ஆல் பெருக்கினால் பிளாஸ்மா நிறை எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். இன்றைய பிரபஞ்சத்தின் சராசரி எலக்ட்ரான் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.2 × 10⁻⁷. அதாவது நான்கைந்து கன மீட்டருக்குள் ஒன்றே ஒன்று. அதற்குரிய பிளாஸ்மா நிறை 1.7 × 10⁻¹⁴. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் கன சென்டிமீட்டருக்கு ஒரு கோடி முதல் எட்டுக் கோடி எலக்ட்ரான் வரை இருக்கும் பகுதியை எடுத்தால் 10⁻⁷ அளவுக்கு வந்துவிடும்.

ஆக, நீங்கள் தேடும் நிறையைச் சொன்னவுடன் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது. அது உங்கள் விருப்பத்துக்கு விட்டது அல்ல.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, நடுநிலை ஹைட்ரஜனுக்கான திருத்தத்தைத் தேவையில்லாமல் சேர்ப்பது. அந்தத் திருத்தம் ஃபோட்டான் ஆற்றலின் வர்க்கத்தைப் பொறுத்தது. நுண்ணலைப் பின்னணி ஃபோட்டான்களுக்கு அது முக்கியம். கரும்பொருளிலிருந்து வரும் 10⁻¹³ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானுக்கு அது பூஜ்யம் என்றே சொல்லலாம்.

## 3. எத்தனை முறை சந்திக்கிறது என்று எண்ணுங்கள்

பிரபஞ்சத்தின் எலக்ட்ரான் அடர்த்தி ஒரே சீராகக் குறையவில்லை. அணுக்கள் உருவான காலத்தில், செம்பெயர்ச்சி 1,100 வாக்கில், திடீரென்று விழுந்தது. பிறகு சுமார் ஐயாயிரத்தில் ஒரு எலக்ட்ரான் மட்டுமே தனியாகத் திரிந்தது. முதல் விண்மீன்கள் வந்து வாயுவை மறுபடி அயனியாக்கியபோது அடர்த்தி ஏறியது. அப்புறம் விரிவினால் இன்று வரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. படம் வரைந்தால் பள்ளமும் மேடும் சரிவுமாகத் தெரியும்.

8 × 10⁻¹⁴ எலக்ட்ரான் வோல்ட் என்ற நிறையை எடுத்துக்கொள்வோம். இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது ஏழாம் படியில் புரியும். இதற்குத் தேவையான எலக்ட்ரான் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.7 × 10⁻⁶. சராசரி அடர்த்தி இந்த எண்ணை மூன்று முறை தொடுகிறது. செம்பெயர்ச்சி 50 அருகே இறங்கும்போது ஒரு முறை. மீள்-அயனியாக்கம் தொடங்கும்போது ஏறுகையில் ஒரு முறை. செம்பெயர்ச்சி 1.8 அருகே மறுபடி இறங்கும்போது ஒரு முறை.

புதியவர்கள் கடைசிச் சந்திப்பை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவார்கள். நிரலில் மூலம் தேடும் கட்டளை முதலில் கிடைத்த ஒரு விடையோடு நின்றுவிடுவதுதான் காரணம். அடர்த்திக் கோட்டை வரைந்து, அதன் குறுக்கே கிடைமட்டக் கோடு போட்டு, வெட்டும் இடங்களைக் கண்ணால் எண்ணிவிட்டு, பிறகு நிரல் தரும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

## 4. மாறும் நிகழ்தகவைக் கணக்கிடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஒரு சந்திப்பில் டார்க் ஃபோட்டான் மாறும் நிகழ்தகவு: பை (π) × எப்சிலானின் வர்க்கம் × நிறை, இதை வகுக்க வேண்டியது பிளாஸ்மா நிறையின் வர்க்கம் விகித அளவில் மாறும் வேகத்தால். சமநிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு மாற்றம் நடக்கிறது. அடர்த்தி வேகமாக மாறினால் சந்திப்பு சட்டென்று முடிந்துவிடும், நிகழ்தகவு குறையும். வகுத்தல் அதனால்தான்.

விரிவு மட்டுமே அடர்த்தியைக் குறைக்கிறது என்றால் அந்த வேகம் ஹப்பிள் வேகத்தின், அதாவது பிரபஞ்சம் விரியும் விகிதத்தின், மூன்று மடங்கு. செம்பெயர்ச்சி 1.8இல் ஹப்பிள் வேகம் சுமார் 4 × 10⁻³³ எலக்ட்ரான் வோல்ட், மூன்று மடங்கு 1.2 × 10⁻³². நிறை 8 × 10⁻¹⁴. வகுத்துப் பையால் பெருக்கினால் 2.1 × 10¹⁹ வரும். எப்சிலான் 3 × 10⁻¹⁵ என்று வைத்தால் அதன் வர்க்கம் 9 × 10⁻³⁰. பெருக்கினால் நிகழ்தகவு 1.9 × 10⁻¹⁰.

ஆயிரம் கோடியில் இரண்டு. அற்பமாகத் தெரிகிறது. ஆனால் பிரபஞ்சத்தில் ஒரு புரோட்டானுக்கோ நியூட்ரானுக்கோ பங்கு பிரித்தால், 5 × 10⁹ எலக்ட்ரான் வோல்ட் கரும்பொருள் ஆற்றல் அதன் பக்கத்தில் இருக்கிறது. அதில் 1.9 × 10⁻¹⁰ பங்கு மாறினாலும் ஒவ்வொன்றுக்கும் 0.95 எலக்ட்ரான் வோல்ட் கிடைத்துவிடும். அயனியான வாயுவில் எலக்ட்ரான்களும் அணுக்கருக்களும் இதைப் பகிர்ந்துகொண்டால் வெப்பநிலை சுமார் 4,300 கெல்வின் ஏறும். அந்தக் காலத்து வாயுவின் வெப்பநிலையே 10,000 கெல்வின் வாக்கில்தான். எனவே இது அளவிடக்கூடிய மாற்றம். இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். முதல் முறை போட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 10⁻¹⁵ அளவுக் கலப்பை எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் வெறும் வாயுவின் சூடு காட்டிக்கொடுக்கும் என்பது இன்னும் எனக்குப் பழகவில்லை.

இரண்டு பிழைகளைச் சொல்ல வேண்டும்.

ஒரு மாணவர் மூன்று வாரமாகத் தன் வரம்பு 10⁻⁷ஐத் தாண்டிக் கீழே இறங்கவில்லை, இந்த முறையே பலவீனமானது போலிருக்கிறது என்று வருத்தத்தோடு வந்தார். குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் எல்லா வரியும் சரி. ஹப்பிள் மாறிலிக்கு மட்டும் 2.18 × 10⁻¹⁸ என்று இருந்தது. அது நொடிக்கணக்கில் உள்ள மதிப்பு. எலக்ட்ரான் வோல்ட்டில் அது 1.44 × 10⁻³³. நிகழ்தகவு 1.5 × 10¹⁵ மடங்கு குறைந்து, எப்சிலான் அதன் வர்க்கமூலத்தால், கிட்டத்தட்ட நான்கு கோடி மடங்கு, பலவீனமாகிவிட்டது. சுவரில் ஒட்டச் சொன்ன தாள் இதற்காகத்தான்.

இன்னொரு பிழை கொஞ்சம் நுட்பமானது. மீள்-அயனியாக்கத்துக்குச் சற்று முன் எலக்ட்ரான் அடர்த்தி பள்ளத்தின் அடியைத் தொட்டுத் திரும்புகிறது. அந்தக் கணத்தில் மாறும் வேகம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால் நிகழ்தகவு எல்லையில்லாமல் பெருகி, உங்கள் வரம்புக் கோட்டில் ஒரு கூர்மையான முள் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். அது கண்டுபிடிப்பு அல்ல. சந்திப்பு சட்டென்று நடந்து முடிகிறது என்ற ஊகத்தில் பிறந்த சூத்திரம் இது, அங்கே அந்த ஊகம் செல்லாது. அந்த நிறைகளுக்குச் சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் துண்டை விட்டுவிட வேண்டும். நிகழ்தகவு 1ஐ நெருங்கும் எந்த இடத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

## 5. மாறிய ஆற்றல் எங்கே போகிறது என்று பாருங்கள்

"ஃபோட்டானாக மாறிவிட்டது, இனி அது நம்மை நோக்கிப் பயணம் செய்யும்" என்று நினைப்பது இயல்பு. 8 × 10⁻¹⁴ எலக்ட்ரான் வோல்ட் என்றால் அதிர்வெண் வெறும் 19 ஹெர்ட்ஸ். மின்காந்த அலைக்கு இது மிகமிகக் குறைவு. தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்மாவின் அதிர்வெண்ணும் அதுவே என்பதால் எங்கும் போக முடியாது. எலக்ட்ரான்கள் அயனிகளோடு மோதும்போது அந்த அலைவு தேய்ந்து, ஆற்றல் அங்கேயே வெப்பமாகிவிடும்.

ஆகவே குறைந்த நிறைகளில் நாம் தேடுவது ஒளியை அல்ல, சூட்டை. கொரோனா அளவு நிறைகளில் கதை மாறுகிறது. பத்து மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, பிறந்த அலை அடர்த்தி குறைந்த வெளிப்பக்கம் நோக்கித் தப்பிக்க முடியும், பூமியில் உள்ள ஆன்டெனாவையும் எட்டும். எந்த நிறையில் சூடு, எந்த நிறையில் அலை என்று உங்கள் அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். மோதல் நேரத்தை விரிவு நேரத்தோடு ஒப்பிட்டால் விடை உடனே வரும்.

## 6. சராசரியை விட்டு உண்மையான வாயுவுக்கு வாருங்கள்

இதுவரை வாயு எங்கும் ஒரே அடர்த்தி என்று வைத்தோம். செம்பெயர்ச்சி 10க்கு முன்னால் அது ஓரளவு சரி. அதற்குப் பிறகு பிரபஞ்சம் வெற்றிடங்களும் இழைகளுமாகப் பிரிந்துவிட்டது.

நம் உதாரணத்துக்கே வருவோம். தேவையான அடர்த்தி 4.7 × 10⁻⁶. சராசரியில் பத்தில் ஒரு பங்கு வாயு உள்ள வெற்றிடம் இதைச் செம்பெயர்ச்சி 5 அருகிலேயே கடந்துவிடுகிறது. சராசரியைப் போல் இருபது மடங்கு அடர்ந்த இழை இன்றைக்குத்தான் கடக்கிறது. சந்திப்பு என்பது ஒரு கணம் அல்ல, பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பரவிக் கிடக்கிறது.

2020இல் ஆன்ட்ரியா கபூட்டோவும் உடன் ஆய்வாளர்களும், தனியாக வேறொரு குழுவும் இந்தச் சீரின்மையைக் கணக்கில் சேர்த்துக் காட்டிய பிறகு, சராசரியை மட்டும் வைத்துப் போடும் வரம்புகளைப் பின்னைய காலச் சந்திப்புகளுக்கு யாரும் நம்புவதில்லை. செய்ய வேண்டியது இது: ஒவ்வொரு செம்பெயர்ச்சியிலும் எவ்வளவு வாயு எந்த அடர்த்தியில் இருக்கிறது என்ற பரவலை எடுங்கள். பயிற்சிக்கு லாக்-நார்மல் பரவல் (அடர்த்தியின் மடக்கை மணி வடிவில் பரவுவது) போதும். கட்டுரைக்கு என்றால் நீரியக்கச் சிமுலேஷனில் இருந்து எடுங்கள்.

இதில் ஒரு போனஸும் உண்டு. 1.7 × 10⁻¹⁴க்குக் கீழே உள்ள நிறைகளைச் சராசரி வாயு இன்று வரை தொடவில்லை. வெற்றிடங்கள் தொட்டிருக்கின்றன. தேடக்கூடிய நிறைகளின் எல்லை அதனால் கீழ்நோக்கி விரிகிறது. ஆனால் வெற்றிடங்களின் ஆழ்ந்த ஓரத்தைச் சிமுலேஷன்கள் எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன என்பது தனிக் கேள்வி. அந்த ஓரத்தை நம்பி வரம்பு போடாமல், எங்கே வெட்டினீர்கள் என்று எழுதிவிட்டு வெட்டிவிடுவதே நேர்மை.

## 7. இப்போது அளவீட்டைத் தேர்ந்தெடுங்கள்

10⁻¹⁴ முதல் 10⁻¹² வரை: லைமன்-ஆல்ஃபா காடு. தூரத்துக் குவேசாரின் (பெருங்கருந்துளையால் பிரகாசிக்கும் மண்டல மையத்தின்) ஒளி வழியில் உள்ள ஹைட்ரஜன் மேகங்களைக் கடக்கும்போது நிறமாலையில் நூற்றுக்கணக்கான உறிஞ்சல் கோடுகள் விழும். வாயு சூடானால் கோடுகள் அகலமாகும். ஆகவே இது ஒரு வெப்பமானி. ஹப்பிள் தொலைநோக்கியின் காஸ்மிக் ஆரிஜின்ஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப் அளந்த செம்பெயர்ச்சி 0.1 அருகிலான கோடுகள், வழக்கமான சிமுலேஷன்கள் சொல்வதைவிட அகலமாக இருக்கின்றன. ஜேம்ஸ் போல்டன், கபூட்டோ, ஹாங்வான் லியு, மத்தேயோ வியல் ஆகியோர் 2022இல், 8 × 10⁻¹⁴ எலக்ட்ரான் வோல்ட் நிறையும் 5 × 10⁻¹⁵ எப்சிலானும் உள்ள டார்க் ஃபோட்டான் கரும்பொருள் தரும் சூடு இந்த வேறுபாட்டை ஈடுகட்டும் என்று காட்டினார்கள். என் உதாரண நிறை அங்கிருந்து வந்ததுதான். நான்காம் படியில் நீங்கள் கையால் போட்ட எண்ணும் அவர்கள் எண்ணும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். அவர்களே அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

இருண்ட காலமும், நடுநிலை ஹைட்ரஜனுக்கே உரிய 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையும். செம்பெயர்ச்சி 17இல் வழக்கமான வாயுவின் வெப்பநிலை சுமார் 7 கெல்வின். அவ்வளவு குளிரில் ஆயிரத்தில் ஒரு எலக்ட்ரான் வோல்ட் சேர்ந்தாலே தெரியும். அதனால் இது மிகக் கூர்மையான கருவியாக வரக்கூடியது. ஆனால் 2018இல் எட்ஜஸ் ரேடியோ கருவிக் குழு 78 மெகாஹெர்ட்ஸில் கண்டதாகச் சொன்ன ஆழமான உறிஞ்சல் பள்ளத்தை அடித்தளமாக வைத்து வரம்பு கட்டாதீர்கள். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சரஸ் 3 கருவி, கர்நாடகத்தில் நீர்நிலைகளில் மிதக்கவிட்டு அளந்து, அந்தப் பள்ளத்தை 95.3 சதவீத நம்பகத்துடன் மறுத்தது. 2022இல் அந்த முடிவு வெளியான பிறகும் எட்ஜஸ் எண்ணை அப்படியே நிரலில் ஏற்றும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

10⁻⁹க்கு மேல்: நுண்ணலைப் பின்னணியின் நிறமாலை. இந்த நிறைகள் அணுக்கள் உருவாகும் முன்பே சந்தித்துவிடுகின்றன. கொட்டிய ஆற்றல் பின்னணியின் பிளாக்பாடி (வெப்பநிலை ஒன்றையே பொறுத்த கதிர்வீச்சு) வடிவத்தைக் கெடுக்க வேண்டும். கோபி செயற்கைக்கோளின் ஃபிராஸ் கருவி அந்த வடிவத்தைப் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வரை சரிபார்த்துவிட்டது. செம்பெயர்ச்சி இருபது லட்சத்துக்கு முன்னால் கொட்டிய ஆற்றல் முழுதாகக் கரைந்துவிடும், தடயம் மிஞ்சாது. எனவே இந்த முறை 10⁻⁵ வாக்கில் தானாக முடிகிறது.

10⁻⁷ வாக்கில்: சூரியன். கொரோனாவில் பிறக்கும் அலை ஒரே அதிர்வெண்ணில், அகலம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். 50 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 50 ஹெர்ட்ஸ். லோஃபார் என்ற ஐரோப்பிய ரேடியோ தொலைநோக்கியின் ஒரு துணைப்பட்டையின் அகலம் 195 கிலோஹெர்ட்ஸ். ஆக, அந்த மெல்லிய கோடு நாலாயிரம் மடங்கு அகலமான பெட்டிக்குள் கரைந்துவிடுகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் உச்சியின் உயரத்தை நேராக ஒப்பிட்டுவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். 2024இல் லோஃபாரின் சூரியத் தரவை வைத்து 30 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை 10⁻¹³ அளவு எப்சிலான் வரை வரம்பு போடப்பட்டது. கொரோனாவின் கொந்தளிப்பு அலையைச் சிதறடிப்பதால் ஆன்டெனாவின் பார்வைக்குள் வருவது ஒரு பகுதிதான். அந்தச் சிதறலையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒத்ததிர்வே இல்லாத வழியும் உண்டு. லியோ டி போன்ற, வாயு நிறைந்த குட்டி விண்மீன் மண்டலங்களில் வாயு மிக மெதுவாகவே குளிர்கிறது. கரும்பொருள் தரும் சூடு அந்தக் குளிர்ச்சியை மிஞ்சக் கூடாது என்பதே வரம்பு. கணக்கு சுலபம், தொடக்கப் பயிற்சிக்கு நல்லது.

எந்த வழியானாலும் கரும்பொருள் அடர்த்தியைக் கவனமாகப் போடுங்கள். நம் பக்கத்தில் கன சென்டிமீட்டருக்கு 0.3 முதல் 0.45 கிகா எலக்ட்ரான் வோல்ட். பிரபஞ்சச் சராசரி 1.26 × 10⁻⁶. மூன்று லட்சம் மடங்கு வித்தியாசம். சூரியனுக்கு முன்னதும், லைமன்-ஆல்ஃபாவுக்குப் பின்னதும்.

## 8. இதே தடயத்தை வேறு எது தரும் என்று பட்டியல் போடுங்கள்

வரம்பு வரையும் முன் இதைச் செய்ய வேண்டும். முடிவு கையில் வந்த பிறகு போட்டால் மனசு தானாகவே பட்டியலைச் சுருக்கிவிடும்.

வாயுவைச் சூடாக்கும் வழிகள் நிறைய. செம்பெயர்ச்சி 3 வாக்கில் ஹீலியம் இரண்டாம் முறை அயனியானது வாயுவை நன்றாகவே சூடாக்கியது. பெருங்கருந்துளைகளின் பீய்ச்சல்கள் சூடாக்கும். சிமுலேஷன் பிரித்துக் காட்ட முடியாத சிறிய அளவுக் கொந்தளிப்பு, சூடே இல்லாமல் கோட்டை அகலமாக்கும். சூரியப் பக்கம் போனால் ரேடியோ வெடிப்புகளும் பூமியின் ஒலிபரப்புகளும் இருக்கின்றன.

பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. டார்க் ஃபோட்டானின் சூடு எப்போதும் ஒரே எலக்ட்ரான் அடர்த்தியில்தான் கொட்டும். நம் உதாரணத்தில் 4.7 × 10⁻⁶. செம்பெயர்ச்சி 2இல் அது சராசரி வாயுவைத் தாக்கும், இன்றைக்கு இருபது மடங்கு அடர்ந்த வாயுவைத் தாக்கும். வேறு எந்த வெப்ப மூலமும் இப்படி ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு காலத்தோடு நகராது. எனவே ஒரே செம்பெயர்ச்சியில் நல்ல பொருத்தம் கிடைத்தது என்று நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று செம்பெயர்ச்சிகளில் அதே நிறை பொருந்துகிறதா என்று பாருங்கள்.

## 9. வரம்புக் கோட்டை வரையுங்கள்

நிறைகளை மடக்கை அளவில் நெருக்கமாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தரவு பொறுக்கும் மிகப் பெரிய எப்சிலானைக் கண்டுபிடியுங்கள். வழக்கமான வெப்ப மூலங்களை எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தினால் கோடு கீழே இறங்கும். எதையும் கழிக்காமல், முழுச் சூட்டையும் டார்க் ஃபோட்டான் தந்ததாக வைத்தால் கோடு மேலே நிற்கும். முதல் கட்டுரைக்கு இரண்டாவதையே வரையச் சொல்வேன். அது பலவீனமாகத் தெரியும், ஆனால் யாராலும் உடைக்க முடியாது.

மற்றவர் கோடுகளோடு ஒப்பிடும் முன் அவர்கள் எப்சிலானை எப்படி வரையறுத்தார்கள் என்று கலப்புச் சமன்பாட்டைத் தேடிப் பாருங்கள். சிலர் எப்சிலானைப் பாதியாக்கி எழுதுவார்கள், சிலர் முழுதாக. இரண்டு மடங்கு வேறுபாடு, நிகழ்தகவில் நான்கு மடங்காகும். சியரன் ஓஹேர் கிட்ஹப்பில் தொகுத்து வைத்திருக்கும் வரம்புத் தரவு ஒப்பீட்டுக்கு வசதியானது. அதிலும் எது கரும்பொருளுக்கான கோடு, எது பொதுவான டார்க் ஃபோட்டானுக்கான கோடு என்று முதல் படியில் எழுதிய வரியோடு சரிபாருங்கள்.

கரும்பொருளில் ஒரு பகுதிதான் டார்க் ஃபோட்டான் என்றால், எப்சிலான் வரம்பு அந்தப் பங்கின் வர்க்கமூலத்தால் வகுபட்டுத் தளரும். நூறில் ஒரு பங்கு என்றால் பத்து மடங்கு. இதை ஒரு வரியில் எழுதிவிட்டால் படிப்பவர்களுக்கு உதவும்.

கோட்டை யாருக்கும் அனுப்பும் முன் மூன்று சோதனைகள். எப்சிலானைப் பாதியாக்கி நிரலை ஓட்டுங்கள், சூடு சரியாகக் கால்வாசியாக வேண்டும். சீரின்மையை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், நான்காம் படியில் கையால் போட்ட 0.95 எலக்ட்ரான் வோல்ட் திரும்ப வர வேண்டும். எப்சிலானைப் பூஜ்யமாக்குங்கள், வழக்கமான வெப்ப வரலாறு கடைசி எண் வரை அப்படியே வர வேண்டும். மூன்றும் சரியாக வந்தால், நிறையும் எப்சிலானும் உள்ள அட்டவணையை, பயன்படுத்திய எலக்ட்ரான் அடர்த்திக் கோப்போடு சேர்த்தே வெளியிடுங்கள். அடுத்து வருபவர் முதலில் கேட்கப் போவது அந்தக் கோப்பைத்தான்.